இடைவேளை அறிவித்தல்

மரியரட்ணத்தின் கையில் மைக்கைக் கொடுத்தால் மழையும் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும் என்று கனடாவில், ஸ்காபரோவில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் பொய்யில்லை. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் இளந்தாரியாக இருந்த காலத்திலேயே உதைபந்தாட்ட மைதானத்தின் ஒலிபெருக்கி அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த ஊர்ப் பெடியள் 'அலைமகள்' என்று ஒரு கழகம் தொடங்கி, கோடைகால ஞாயிறுகளில் பார்க்கில் பந்தடிக்க ஆரம்பித்தபோது, முதலில் வாங்கியது பந்து, அடுத்து வாங்கியது ஸ்பீக்கர். கோல் கம்பத்துக்கு வலை அதற்குப் பிறகுதான் வந்தது.

இது நம்மவர்களின் பழக்கம். ஆட்டம் கண்ணுக்கு முன்னால் நடந்தால் போதாது, அதை ஒருவர் வாயால் சொல்லவும் வேண்டும். "இதோ, பந்து இடது கரையால் நகர்கிறது. கொண்டுபோகிறவர் எங்கள் யோசப். பந்து முன்னால் ஓடுகிறது, யோசப் பின்னால் உலாப் போகிறார்" என்று மரியரட்ணம் சொல்ல, யோசப்பின் தாய் உட்பட எல்லாரும் சிரிப்பார்கள். எந்தக் கோலையும் அவர் தவறவிட்டது கிடையாது. பந்து கோட்டைக் கடக்கும்போது அவருடைய வாயும் கூடவே கடந்திருக்கும்.

இடைவேளையில் அறிவித்தல்கள். பாதையை மறித்து நிற்கும் சிவப்புக் கார்க்காரர் உடனே வரவும். பச்சைச் சட்டை போட்ட பிள்ளை ஒன்று மேசையடியில் அழுதுகொண்டு நிற்கிறது, பெற்றோர் வந்து பொறுப்பெடுக்கவும். யார் வீட்டில் குழந்தை, யார் ஊரில் காலமானார், யாருடைய அகதி வழக்குச் சரிவந்தது என்று எல்லாம் அந்த மைக்கால்தான் ஊருக்குத் தெரியவரும். மரியரட்ணம் சொல்லாத சங்கதி நடக்காத சங்கதி.

தன்னுடைய சங்கதி ஒன்றைத்தான் அவர் சொல்லாமல் வைத்திருந்தார்.

அவருக்கு வேலை பிறம்ரனில், ஒரு பெரிய வெயார்ஹவுசில். தொண்ணூற்றாறாம் ஆண்டு முடிகிற, பனி கொட்டுகிற மாரிகாலத்தில் ஒரு காலை, வேலைக்குப் போகிற வழியில், ஹைவேயின் ஓரமாகக் காரை நிறுத்தி ஸ்ரியறிங்கில் தலையை வைத்து அழத் தொடங்கினார். ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை. யாரும் சாகவில்லை, வேலை போகவில்லை, வீட்டில் சண்டையில்லை. காரணமில்லாமல் அழுகிறோமே என்று வெட்கம் வந்தது, அந்த வெட்கத்துக்கும் சேர்த்து அழுதார். பிறகு நித்திரை போனது. சாப்பாடு போனது. கடைசியில் பேச்சும் போனது. மரியரட்ணத்தின் வீட்டில் சத்தமில்லை என்றால் அவர் மனைவி கிளடிஸ் பயப்படாமல் என்ன செய்வாள்?

"டொக்ரரிட்டப் போவம்" என்றாள்.

தமிழ் டொக்ரரிடம் போனால் வெயிற்றிங் றூமில் அரைவாசி ஊர் இருக்கும். ஆகவே யாரும் அறியாமல் றிச்மண்ட் ஹில்லில் ஒரு வெள்ளைக்கார டொக்ரரைத் தேடிப் பிடித்தார்கள். அங்கே கதவைத் திறந்தால் மூலைக் கதிரையில் இரத்தினவேல்! மில்லிக்கனில் வீடு வைத்திருக்கிற, மைதானத்தில் ஒவ்வொரு ஓவ்சைட்டுக்கும் குடையை ஆட்டிச் சண்டைபிடிக்கிற அதே இரத்தினவேல்.

"என்ன மரியண்ணை, இஞ்சால?"

"பிறஷர். நீர்?"

"எனக்கும் பிறஷர்தான்."

இரண்டு பேரும் அங்கிருந்த மீன்தொட்டியை வலு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம்மவர்களுக்கு மரியாதையான வருத்தங்கள், அதாவது நோய்கள், மூன்றுதான்: பிறஷர், சீனி வருத்தம், இடுப்பைப் பிடிக்கிற நாரிநோ. இந்த மூன்றையும் கலியாணவீட்டில் உரத்துச் சொல்லலாம், சொன்னால் மற்றவர்களும் தங்களுடையதைச் சொல்லுவார்கள். மனவருத்தம் அந்த வரிசையில் இல்லை. அதற்கு ஊரில் ஒரே பெயர்தான், விசர், அதாவது பைத்தியம். பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் ஒரு மகள் இருக்கிற வீட்டில் அந்தச் சொல் நுழைந்தால் பிறகு வெளியே போகாது என்று கிளடிஸ் பயந்தாள். பிறஷர் என்று பேர் வைத்தவளும் அவள்தான்.

டொக்ரர் குளிசை கொடுத்தார். கிழமைக்கு ஒருமுறை மனநல ஆலோசனை சொல்கிற ஒரு அம்மாவிடம் போய் மனம்விட்டுக் கதைக்கவும் சொன்னார். ஊரெல்லாம் ஓசியில் கதைத்த மனுசனுக்குக் கதைப்பதே மருந்தாக வந்ததை நினைத்து மரியரட்ணம் கன நாளைக்குப் பிறகு ஒருமுறை சிரித்தார். பங்குனி மாதமளவில் நித்திரை திரும்பி வந்தது. ஆனால் பிறஷர் போகவில்லை! எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் இரத்தினவேலின் மனைவி யோகமலர் ஓடிவந்து, "அண்ணை, உங்களுக்கும் இவருக்கும் உப்பில்லாமல் புறம்பா வைச்சிருக்கிறன்" என்று தனிச் சட்டியைக் காட்டுவாள். கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனுசன் உப்பில்லாத மீன்குழம்பைத் தின்றுவிட்டு, "நல்லாயிருக்கு தங்கச்சி" என்று சொல்ல வேண்டியிருந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். மரியரட்ணத்துக்கு அது வயிற்றிலே.

இந்தப் பகிடி இப்படியே போயிருக்கும், பேனாட் இல்லாவிட்டால்.

பேனாட் ஊரில் இந்தப் பெடியளுக்குப் பந்துக் காப்பாளனாக இருந்தவன். இங்கே முழங்கால் கைவிட்டுவிட்டதால் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, இப்போதைய காப்பாளனைத் திட்டுவதையே தொழிலாக வைத்திருந்தான். போன இலையுதிர் காலத்தோடு அவன் வருவது நின்றது. வேலைக்கும் போகவில்லை, கோயிலுக்கும் வரவில்லை. "பெருமை பிடிச்சிட்டுது" என்றார்கள் சிலர். "ஆரோ செய்வினை செய்துபோட்டினம்" என்றார்கள் வேறு சிலர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா?

அவன் இருந்தது மைதானத்துக்கு நேரே எதிரில், அப்பாட்மென்ற் ஒன்றின் ஒன்பதாம் மாடியில். மரியரட்ணம் போய்க் கதவைத் தட்டினார். மனைவி செரீனா பாதி கதவைத்தான் திறந்தாள். "படுத்திருக்கிறார் அண்ணை" என்றாள். அடுத்த முறையும் அதுதான் பதில். ரெலிபோன் எடுத்தால் அவன் வரமாட்டான். மூன்றாம் முறை செரீனா நடைபாதைக்கு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"ஒருத்தரோடையும் கதைக்கிறாரில்லை. பகல் முழுக்கத் திரையை இழுத்துவிட்டபடி. ஞாயிற்றுக்கிழமையில உங்கட குரல் கேட்டால் மட்டும் எழும்பிப் பல்கணிக் கதவைத் திறந்து வெளியில இருக்கிறார். எனக்கு அது சந்தோசமாவும் இருக்கு அண்ணை, பயமாவும் இருக்கு."

பல்கணியை நினைத்துத்தான் அவள் பயந்தாள் என்பது மரியரட்ணத்துக்கு உடனே விளங்கியது. லிப்றில் இறங்கும்போது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது: உலகத்தில் பேனாட்டின் காதுக்குள் போகிற குரல் இப்போது ஒன்றே ஒன்றுதான், அதை வைத்துக்கொண்டு தான் சிவப்புக் காரைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, தன்னுடைய வருத்தத்தை மைக்கில் சொல்லப்போவதாகக் கிளடிசிடம் சொன்னார். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"மைக்கிலயோ? உங்களுக்கு என்ன விசரே?" என்று கேட்டுவிட்டு, தான் சொன்ன சொல்லைத் தானே கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "பிள்ளையிட்ட முதல் சொல்லுங்கோ. அவள் வெளியில கேட்டு அறியக்கூடாது" என்றாள். அடுத்ததையும் அவளே சொன்னாள்: "உங்கட கதையை மட்டும் சொல்லுங்கோ. அவன்ர பெயரை எடுக்கவே கூடாது."

மகளுக்குச் சொன்னபோது அவள், "I kind of knew, அப்பா" என்றுவிட்டுத் தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். அவ்வளவுதான். ஒரு மாரி முழுக்க இரண்டு பெரியவர்கள் பிறஷர் என்று சொல்லி மறைத்த விஷயம்!

அடுத்த ஞாயிறு ஆட்டம் மன்னார்ப் பெடியளோடு. நல்ல வெயில், நல்ல சனம். முதற்பாதியில் யாரும் கோல் அடிக்கவில்லை. ஒன்பதாம் மாடிப் பல்கணியில் ஒரு கதிரையும் அதில் ஒரு உருவமும் இருந்தன. இடைவேளை வந்தது. கார் அறிவித்தல் முடிந்தது. மரியரட்ணம் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அன்பான ரசிகப் பெருமக்களே, அடுத்து ஒரு முக்கிய அறிவித்தல். அறிவிப்பாளர் மரியரட்ணத்துக்குப் பிறஷர் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருக்குப் பிறஷர் இல்லை. இனிமேல் அவருக்கு உப்புப் போட்டுக் கொடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்து நின்றார். பிறகு அறிவிப்புத் தமிழ் அவரைவிட்டுப் போய்விட்டது, வீட்டில் கதைக்கிற தமிழ்தான் வந்தது.

"எனக்கு வந்தது மனவருத்தம். பகிடி விடேல்லை. போன மாரி முழுக்க நித்திரை இல்லை, சாப்பாடு இறங்காது, றோட்டுக் கரையில காரை நிப்பாட்டிப்போட்டு அழுதனான். எங்கட பெடியள் கோல் அடிச்சதைக் கசெற்றில போட்டுப் பாத்தன், ஒண்டுமே தோன்றேல்லை. அப்பதான் பயந்தனான். கால் முறிஞ்ச பெடியனை நாங்கள் கிறவுண்டில விட்டிட்டே போறம்? ரெண்டு பேர் பிடிச்சுக்கொண்டு வந்து வெளியில இருத்துறம். எனக்கு உள்ளுக்க முறிஞ்சது. அதை மறைச்சுக்கொண்டு ஓடினதுதான் நான் விட்ட பிழை. டொக்ரரிட்டப் போனன், குளிசை எடுக்கிறன், ஒரு மனுசியோட இருந்து கதைக்கிறன். இப்ப நித்திரை வருது. உங்களில ஆருக்காவது இப்பிடி இருந்தால் மேசையடிக்கு வாங்கோ, மைக்கை நிப்பாட்டிப்போட்டுக் கதைப்பம். நடந்து வர ஏலாதெண்டால் ஆளனுப்புங்கோ. நான் வாறன்."

கடைசி வசனத்தை அவர் மைதானத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, ஒன்பதாம் மாடியைப் பார்த்துத்தான் சொன்னார்.

தண்ணீர்ப் போத்தல் வாய்க்குப் போகிற வழியில் யோசப்பின் கையில் நின்றது. முடிந்தது, இனி இந்த ஊரில் தலை காட்ட ஏலாது என்று மரியரட்ணம் நினைத்த நேரத்தில், எதிர்க் கரையில் ஒரு குடை மடிந்தது.

"மரியண்ணை!" என்று கத்தினார் இரத்தினவேல். "எனக்கும் பிறஷர் இல்லை!"

பக்கத்தில் இருந்த யோகமலர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப என்னத்துக்கு நான் இவ்வளவு நாளும் உப்பில்லாமல் சமைச்சனான்?" என்று கேட்டாள். சனம் மறுபடி சிரித்தது, ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. யோகமலர் சிரிக்கவில்லை. புருசனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், ஆட்டம் முடியும்வரை விடவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியது. மரியரட்ணம் வழமைபோல் சொல்லிக்கொண்டு போனார். பந்து நடுவில், பந்து வலது கரையில், யோசப் இன்றைக்கு ஓடுகிறார், இது அதிசயம். இடையில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

பல்கணியில் கதிரை மட்டும் இருந்தது. கதவு திறந்தபடி. திரை காற்றுக்கு வெளியே பறந்துகொண்டிருந்தது.

அவர் சொல்லிக்கொண்டிருந்த வசனம் பாதியில் நின்றது. கண் தன்பாட்டில் கட்டடத்தின் அடிக்குப் போனது. அங்கே புல்லும் ஒரு சைக்கிளும்தான். மறுபடி மேலே பார்த்தார். கதிரைதான். ஐயோ மாதாவே, நான் சொன்னது அவனுக்குப் பிழையாய்ப் போய்ச்சேர்ந்துவிட்டதோ? மைதானம் முழுக்கத் திடீரென்று எழுந்து கத்தியது. யாரோ யாரையோ கட்டிப்பிடித்தார்கள். ஸ்பீக்கரில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆரண்ணை அடிச்சது?"

குரல் பின்னாலிருந்து வந்தது. மரியரட்ணம் திரும்பினார். இடுப்பில் கட்டிய சாரமும் வீட்டுச் செருப்பும், வளர்ந்த தாடியுமாக, வெயிலுக்குக் கண் கூசிக்கொண்டு பேனாட் நின்றான். கொஞ்சம் தள்ளி, மூச்சு வாங்கிக்கொண்டு செரீனா.

"லிப்றால வெளியில வரேக்க சத்தம் கேட்டது" என்றான் பேனாட். குரல் கன நாள் பாவிக்காத கதவுபோலக் கரகரத்தது. "ஆர் அடிச்சது?"

மரியரட்ணம் மைக்கை நிறுத்தி மேசையில் வைத்தார்.

"தெரியாதடா" என்றார். "நான் உன்ர பல்கணியைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

பேனாட் மேசையடியில் கிடந்த கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். "மரியண்ணை, ஆர் அடிச்சது? சொல்லுங்கோவன்!" என்று மைதானத்தின் நாலு பக்கத்திலிருந்தும் கத்தினார்கள். ஸ்பீக்கர் சும்மா இருந்தது. பேனாட் நிலத்தைப் பார்த்தபடி மெல்லக் கதைக்கத் தொடங்கினான். மரியரட்ணம் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.