கடையில் சொல்லக் கூடாத சொல்

டி.பார்ம் முடித்துவிட்டு அருப்புக்கோட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி ஒரே ஒரு விதிதான் சொன்னார்.

"இங்க பாரும்மா, நம்ம கடையில 'இல்ல'ங்கிற பேச்சே வரக் கூடாது. சரக்கு தீந்துபோனா 'வருது'ன்னு சொல்லணும். இல்லன்னு சொல்ற கடையில லட்சுமி நிக்க மாட்டா."

அவர் மளிகைக்கடைக் குடும்பம். எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊரில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அப்பா மளிகை வைத்திருப்பார், மூத்தவர் டிவி ஷோரூம் திறப்பார், இளையவர் மெடிக்கல் ஷாப் போடுவார். போர்டு புதிது, கண்ணாடி அலமாரி புதிது, ஃப்ரிட்ஜ்கூட உண்டு. கல்லாவில் இருந்து வருகிற பேச்சு மட்டும் பழைய மளிகைக்கடைப் பேச்சு. மல்லி கேட்டு வந்தவரிடம் "நாளைக்கு லோடு வருது" என்றால், டவுனில் பழகினவருக்கு அதன் அர்த்தம் தெரியும். சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் அந்த விதியை நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் லைசென்ஸ் வேலையாக விருதுநகர் போய்விட்டு மத்தியானம்தான் கடைக்கு வந்தேன். பெஞ்சில் ஒருவர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் இருளாண்டி. நரிக்குடிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி.

"என்ன வேணும்ணே?"

"வீட்டுக்காரிக்கு வலிப்பு மாத்திரை, தாயி. நேத்தே தீந்துபோச்சு. அண்ணாச்சி லோடு வருதுன்னு சொன்னாக. காலையில மொத பஸ்ஸுல வந்தவன், இருந்து வாங்கிட்டே போயிருவோம்னு உக்காந்திருக்கேன்."

அந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரும். ஏஜென்சி வண்டி வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. முதலாளி, தான் பொய் சொன்னதாகவே நினைக்கவில்லை. கடை மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். இவரோ அதை அப்படியே நம்பி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, அந்த மாத்திரை நம்மகிட்ட இல்ல. இன்னைக்கு வராது. ஆஸ்பத்திரிக்கு எதித்தாப்புல ஒரு கடை இருக்கு, அங்க கிடைக்கும். இப்பவே போங்க."

அவர் என்னையும் பார்த்தார், கல்லாவையும் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏவாரத்த அடுத்த கடைக்கு அனுப்பவா ஒன்ன வேலைக்கு வச்சிருக்கேன்?"

"மல்லின்னா காத்திருக்கலாம் முதலாளி. இது மாத்திரை."

கடை லைசென்ஸ் என் சர்ட்டிபிகேட்டை வைத்துத்தான் ஓடியது. இல்லாவிட்டால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

சில நாள் கழித்து இருளாண்டி மறுபடியும் வந்தார். படியேறவில்லை. ரோட்டில் நின்றபடியே கேட்டார்.

"தீப்புண்ணுக்குப் போடுற மருந்து இருக்கா தாயி? இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. நான் உக்கார முடியாது."

அன்றைக்கு அவர் மாத்திரையோடு வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே, உலை வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி முத்தம்மாவுக்கு வலிப்பு வந்திருக்கிறது. அடுப்பிலேயே விழுந்திருக்கிறார். வலது கை மணிக்கட்டுவரை வெந்துவிட்டது.

"காலையிலயே சொல்லியிருந்தாகன்னா, உலை வைக்கிற நேரத்துக்கு நான் வீட்டுல இருந்திருப்பேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மருந்து இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். முதலாளி பேனாவைக் கையில் பிடித்தபடி எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஒரு பெண் இருமல் டானிக் கேட்டார். அது தீர்ந்திருந்தது. முதலாளி, "வரு..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "இல்லம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

தொண்ணூறுகளில் எல்லாக் கடைகளிலும் "நோ ஸ்டாக்" என்று தலை நிமிராமல் சொல்லப் பழகிக்கொண்டார்கள். அதையும் நான் மெச்சவில்லை. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள். எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். எதிரில் நிற்பவர் ஒரு பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார், இன்னொரு பஸ்ஸைப் பிடித்துப் போக வேண்டும்.

புண் ஆறிய பிறகு முத்தம்மாவே ஒரு நாள் மாத்திரை வாங்க வந்தார். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே மடங்கியிருந்தன. அந்தக் கையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, ரூபாய் நோட்டை இடது கையில் எடுத்தவர் நீட்டத் தயங்கினார். முதல் போணி ஆகாத நேரம். எங்கள் பக்கத்துக் கடைகளில் இடது கையால் நீட்டிய காசை யாரும் வாங்க மாட்டார்கள்.

"தப்பா நினைக்காதீக அண்ணாச்சி. இந்தக் கைதேன் இருக்கு."

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். இரண்டு கைகளையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.