அந்த ஆள் அப்படிப் பேச மாட்டார்

இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சில வருஷங்களில் நடந்த ஒரு விவாதம், திருச்சியில் இரண்டு டைப்பிஸ்டுகளின் பிழைப்பில் கை வைத்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு சர்க்கார் ஆபீஸில் நாங்கள் இருவரும் தற்காலிகமாக வேலை பார்த்தோம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். அவள் தொட்டியத்துக்காரி, வாழை போடுகிற குடும்பம். உறையூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். பக்கத்துப் பக்கத்து மிஷின், ஒரே டிபன் டப்பா. ஒரு நாள் காலை ஹெட் கிளார்க் எங்கள் இருவரையும் மேஜைக்கு முன்னால் நிற்க வைத்தார்.

"கேட்டுக்குங்கம்மா. ஷார்ட்ஹேண்ட் ஹையர் பாஸ் பண்ணினவங்களுக்குத்தான் இனிமே இங்க இடம். வர்ற பரீட்சைதான் கடைசி. பாஸானா நிரந்தரம். இல்லேன்னா என்கிட்ட வந்து அழாதீங்க, நான் ஒண்ணும் செய்ய முடியாது."

என் அப்பா ஆஸ்துமாவோடு வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் சம்பளத்தில்தான் நாலு பேர் சாப்பிட்டோம். அவளுக்கு வேறு விதமான நெருக்கடி. வேலை இருக்கிற வரைக்கும்தான் டவுன் என்று அவளுடைய அப்பா சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

ஹையர் என்றால் நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை. பழகுவதற்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு புத்தகம். பெரிய கடைத்தெருவில் பழைய பேப்பர்க்காரரிடம் நான்தான் வாங்கினேன். அட்டை கிடையாது. உள்ளே வெள்ளைக்காரர் பாராளுமன்றத்தின் பேச்சுகளை எடுத்து, ஷார்ட்ஹேண்ட் பயிற்சிக்காகப் பத்து வார்த்தைக்கு ஒரு கோடு போட்டு அச்சடித்திருந்தார்கள். அதில் நீளமானது தொழில் முதலீட்டைப் பற்றிய விவாதம். மந்திரி எழுந்து, எஃகுக்கும் நிலக்கரிக்கும் சர்க்கார் பணத்தைப் போட்டே ஆக வேண்டும் என்பார். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, கஜானா காலி, ஜனங்கள் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள், இந்த நிலையில் ஆலை ஒரு கேடா என்று கேட்பார். இதெல்லாம் இங்கிலீஷில்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் அவள் என்னோடு ஸ்ரீரங்கம் வந்துவிடுவாள். எங்கள் வீட்டில் அப்பாவின் இருமலுக்கு நடுவே டிக்டேஷன் நடக்காது. காவேரிக் கரையில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மாற்றி மாற்றி வாசிப்போம். நான் வாசித்தால் மந்திரி. அவள் வாசித்தால் எதிர்க்கட்சி. இந்தப் பங்கீட்டை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்துவிட்டது. அவளுக்கு அந்த எதிர்க்கட்சிக்காரரைப் பிடித்துப்போயிருந்தது. அவர் பேச்சை வாசிக்கும்போது குரலை உயர்த்திக் கையை நீட்டுவாள். துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "எதுக்கும்மா இப்படிச் சண்டை போட்டுக்குறீங்க?" என்று எழுந்தே வந்துவிட்டாள்.

சண்டையும் உண்மையாகவே நடந்தது. அந்த வருஷம் அரிசிக்குத் தட்டுப்பாடு. திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய பாய்லர் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு வந்தாளானால் அவளுக்குக் கோபம் பொங்கும்.

"அந்த ஆளு சொல்றது சரிதான்டி. சோத்துக்கு வழி இல்லாத ஊர்ல இவ்வளவு பணத்தைக் கொண்டுபோய் இரும்புல போடணுமா? எங்கப்பாவுக்கு ஒரு பம்ப்செட்டு கேட்டா மூணு வருஷமா இழுக்கிறாங்க."

"பம்ப்செட்டு மரத்துலயா காய்க்கும்? அதுக்கும் ஆலை வேணும். நீ வாழைக்கு மேல எதையும் பார்க்க மாட்டே."

இப்படிச் சொன்னேன். எனக்கு நாக்கு நீளம், அப்போதும் இப்போதும். அவள் இரண்டு நாள் என்னோடு டப்பாவைப் பகிர்ந்துகொள்ளவில்லை. உண்மையில் எனக்கு எஃகைப் பற்றியும் தெரியாது, கஜானாவைப் பற்றியும் தெரியாது. அவளை எதிர்த்துப் பேசுவது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அவள் வாசிக்க வாசிக்க எழுதி, அந்த எதிர்க்கட்சிப் பேச்சு என் கைக்கு மனப்பாடமாகிவிட்டது. அவள் வாயைத் திறக்குமுன் என் பென்சில் அடுத்த வார்த்தைக்குப் போய்விடும். ஷார்ட்ஹேண்டில் இதைவிடக் கெட்ட பழக்கம் கிடையாது. அவள் திட்டுவாள்: "என் வாயைக் கேட்டு எழுதுடி. உன் மண்டையைக் கேட்டு எழுதாதே." அவள் காது சுத்தமானது. கேட்டது மட்டும்தான் அவள் நோட்டில் விழும். எங்கள் இருவரில் அவள்தான் பாஸாவாள் என்று நானே நினைத்திருந்தேன். வேறு புத்தகம் வாங்கலாம் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். பரீட்சைக்கு இதிலிருந்துதான் வரும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

பரீட்சை கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். அவள் முன் பெஞ்சு, நான் அவளுக்குப் பின்னால் மூன்றாவது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். முதல் வாக்கியத்திலேயே எனக்கு ரோமம் சிலிர்த்தது. எங்கள் எதிர்க்கட்சிக்காரர்! கஜானா காலி, ரொட்டி வரிசை, எல்லாம் அப்படியே. அவள் முதுகு ஒரு கணம் நிமிர்ந்து அடங்கியதைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் நான் கேட்கவே இல்லை. கை தானாக ஓடியது. பாஸாகிவிட்டோம் என்று மனசுக்குள் கொண்டாட்டம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். நாலாவது நிமிஷத்தில் வாசிப்பவரின் குரலும் என் பென்சிலும் வேறு வேறு இடத்தில் இருப்பது சட்டென்று உறைத்தது. நான் எழுதிக்கொண்டிருந்தது புத்தகத்தில் இருந்த கடைசிப் பத்தி. அவர் வாசித்துக்கொண்டிருந்தது நான் கேட்டே இராத ஒன்று. மனப்பாடக் கும்பலைப் பிடிப்பதற்காகக் கடைசிப் பத்தியை மட்டும் யாரோ புதிதாக எழுதிச் சேர்த்திருந்தார்கள். அவசரத்தில் அழுத்தியதில் பென்சில் முனை உடைந்தது. இரண்டாவது பென்சிலை எடுப்பதற்குள் இன்னும் கொஞ்சம் போய்விட்டது. மிச்சத்தை மட்டும் கேட்டது கேட்டபடி பிடித்தேன்.

பிறகு டிரான்ஸ்கிரிப்ஷன். நோட்டில் இருப்பதை இங்கிலீஷில் விரித்து எழுத வேண்டும். என் நோட்டில் கடைசிப் பத்தி இப்படி இருந்தது: ஆகவே இந்த முதலீட்டுக்கு அனுமதி தரக்கூடாது. அப்புறம் ஒரு வெற்றிடம். அப்புறம், ரொட்டி வரிசையில் நிற்பவன்தான் நாளை அந்த ஆலையில் வேலைக்கு நிற்பான், அவனுக்கு வேலை கொடுக்காமல் கஜானா எந்தக் காலத்தில் நிறையும் என்று ஒரு கேள்வி.

ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. அந்தப் பேச்சை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூட அதன் அர்த்தத்தை யோசித்ததில்லை. அன்றைக்குத்தான், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆலைக்கும் கஜானாவுக்கும் என்ன சம்பந்தம் என்று முதன்முதலாக யோசித்தேன். கடைசியில் இப்படிக் கேட்கிற மனிதர் அதற்கு முன் 'கூடாது' என்று சொல்லியிருக்க முடியாது. கஜானா காலி என்பது வாஸ்தவம், அதனாலேயே இந்த ஆலை வேண்டும் என்றுதான் பேச்சைத் திருப்பியிருக்க வேண்டும். நோட்டில் இருந்த 'கூடாது' என்ற வரியை நானே அடித்து மாற்றிவிட்டு, வெற்றிடத்தையும் ஒரு குத்துமதிப்பாக நிரப்பினேன். மணி அடித்துவிட்டார்கள்.

அவள் மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தாள். அம்மா மண்டபம் வரை வருகிறேன் என்று என்னோடு பஸ் ஏறினாள். காவேரிப் பாலத்தின்மேல் பஸ் போகும்போது சொன்னாள்.

"கடைசியில ஒரு வேடிக்கை தெரியுமாடி? என் நோட்டுல அந்த ஆளு ஆலை வேணும்னு பேசுறாரு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் புரிஞ்சுபோச்சு. தினம் நீ கத்துற மந்திரி பேச்சு என் காதுலயே கெடந்திருக்கு. பதட்டத்துல கை அதை எழுதிடுச்சு. அந்த ஆள் அப்படிப் பேச மாட்டாருடி. முழுசா அடிச்சுட்டு, புஸ்தகத்துல இருக்கிற பத்தியை ஞாபகத்துலேர்ந்து எழுதிட்டேன். ஒரு வார்த்தை விடலே." என் பக்கம் திரும்பி, "நீ என்ன எழுதினே?" என்றாள்.

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "நானும் அதேதான்."

இனி எதுவும் மாறப்போவதில்லை, ரிசல்ட் வரும்வரையாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். பிடிவாதமாக அந்தப் புத்தகத்தையே கட்டிக்கொண்டு அழ வைத்தது யார் என்ற கேள்வி வந்துவிடுமோ என்று பயந்தேன். ரிசல்ட் வர ஆன இரண்டு மாதமும் அவள் டப்பாவிலிருந்து என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

ரிசல்ட்டில் என் நம்பர் இருந்தது. அவள் நம்பர் இல்லை. அவள் ரிசல்ட் தாளை என்னிடமிருந்து வாங்கி இரண்டு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அன்று மத்தியானம் ஹெட் கிளார்க் என்னைக் கூப்பிட்டார்.

"ஹையர் பாஸ் பண்ணின கை. உட்காரும்மா, ஒரு லெட்டர் எடுத்துக்க."

அது அவளை வேலையிலிருந்து விடுவிக்கிற உத்தரவு. பக்கத்து அறையில் அவள் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வார்த்தை என்ன என்று எனக்கு முழுக்கத் தெரியும், சர்க்கார் உத்தரவுகள் எல்லாம் ஒரே மாதிரிதான். ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல, சொன்னதற்கு அப்புறம்தான் ஒவ்வொன்றாக எழுதினேன். டைப் அடித்து, கையெழுத்து வாங்கி, நானே கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்தேன்.

அவள் நிதானமாகப் படித்தாள். பிழை தேடுகிறாளோ என்று தோன்றியது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நெஜத்தைச் சொல்லு. கடைசியில அந்த ஆளு என்னதான் சொன்னாரு?"

"ஆலை வேணும்னுதான் சொன்னாரு."

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வலது கையை மேஜைமேல் விரித்து வைத்து, யாருடைய கையோ என்பதுபோல் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்போ என் கை சரியாத்தான் எழுதியிருக்கு" என்றாள்.