மூடியில் ஓர் எறும்பு

அரியலூர் ஆஸ்பத்திரியில் கைக்குழந்தையோடு நான் இருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் திருமானூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒடிசலான உடம்பு, பால் கட்டி நைட்டி நனைந்திருக்கும். உட்காரவே மாட்டாள். காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாய்க் கிடந்த தன் பிள்ளையைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பாள்.

முந்தின நாள் அவள் மாமியார் டிபன் பாக்ஸ் மூடியில் அவள் பாலைப் பீய்ச்சி, அதில் எறும்பை விட்டுப் பார்த்திருக்கிறார். எறும்பு செத்துவிட்டது. பால் விஷம் என்று முடிவு கட்டி, கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். "புள்ளைக்கு நோவுன்னா, அதை எதிர்க்கிற அணுக்கள் உன் பால்ல கூடலாம்மா. இப்பதான் அவசியம் கொடுக்கணும்."

நர்ஸ் போனதும் அவள் என்னிடம் கேட்டாள். "அப்புறம் எறும்பு ஏன்க்கா செத்துச்சு?"

"தண்ணியில போட்டாலும் செத்துடும்மா."

உடனே மூடியில் தண்ணீர் பிடித்து வந்து ஓர் எறும்பை விட்டாள். அது தத்தளித்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று விரலை நீட்டி அதை மேலே தூக்கிவிட்டாள். குழந்தை வீறிட்டது. அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

நர்ஸை நம்பினாளா, அழுகை தாங்கவில்லையா, எனக்கு இன்றும் தெரியாது. குடிக்கும் பிள்ளையைப் பார்க்காமல், விரலில் ஊர்ந்த எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.