வாசலில் ஒலித்த போன்

நான் வேலை பார்த்த கட்டடத்துக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. பாதுகாப்புத் துறை சம்பந்தப்பட்ட அலுவலகம். வாசலில் காவலர் அறைச் சுவரில் சின்னச் சின்ன மரப்பெட்டிகள் அடித்திருந்தார்கள். காலையில் போனை அதில் வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

அந்த போனை வாங்கித் தந்தவர் என் கணவர். ரத்த அழுத்தம் அதிகமாகி, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு மோதி பாக்கில் எங்கள் அரசுக் குவார்ட்டர்ஸில் பகலெல்லாம் தனியாக இருந்தார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவரோ பேசாமல் இருக்க முடியாத மனிதர்.

"உங்க ஆபீஸ் என்ன ஜெயிலா? ஜெயில்லகூட மனு போட்டுப் பாத்துப் பேசலாம்" என்பார்.

அதனால் மதிய இடைவேளையில் வாசலுக்கு வந்து, போனை வாங்கிக்கொண்டு, வெளியே வேப்பமரத்தடியில் நின்று அவரோடு பேசுவேன். காய்கறிக்காரரிடம் பேரம் பேசித் தோற்ற கதையை அவர் சொல்ல, நான் நின்றபடியே டப்பாவைத் திறந்து சாப்பிடுவேன்.

அன்று நல்ல பனி. பஸ் எல்லாம் தாமதம். எங்கள் பிரிவுக்கு இருந்த ஒரே தொலைபேசி அதிகாரியின் அறையில்தான் இருந்தது. அவர் கூட்டத்துக்குப் போயிருந்ததால் அறை பூட்டிக் கிடந்தது. இடைவேளையில் நான் வாசலுக்கு வந்ததும் காவலர் எழுந்து நின்றார்.

"மேடம்ஜி, ஆப்கா ஃபோன் பஹுத் பஜா."

ரொம்ப நேரம் அடித்ததாம். பெட்டிக்குள் இருப்பதைத் தொட அவருக்கு அனுமதி கிடையாது. வாசலை விட்டு நகரவும் முடியாது. அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரையில் வரிசையாக எங்கள் வீட்டு எண். திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்தது கீழ் வீட்டுப் பெண்.

"அக்கா, ஜல்தி வாங்க. அண்ணா விழுந்து கிடக்காங்க. கதவு தொறந்தே கிடந்துச்சேன்னு வந்து பாத்தேன். ரிசீவர் தொங்கிட்டிருந்துச்சு, இப்பதான் எடுத்து வெச்சேன். எங்க வீட்லேர்ந்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு."

"பேசறாரா?"

"கண்ணு முழிச்சிருக்காங்க. பேச்சு வரல அக்கா."

ஆட்டோவில் போகும்போது போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. அவளும் வைக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, ஏற்றுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூளையில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார் மருத்துவர். "தோடா பெஹ்லே லாதே தோ..." என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நானும் கேட்கவில்லை. உயிர் தங்கியது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு என்ன சொல்லக் கூப்பிட்டீங்க?"

வாயைத் திறந்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்தது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. மறுபடியும் முயன்றார். கஞ்சி வழிந்தது, கண்ணிலும் நீர். துடைத்துவிட்டு வேறு பேச்சை எடுத்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. தலை சுற்றுகிறது என்றிருப்பாரோ, டாக்டருக்குச் சொல் என்றிருப்பாரோ, வெறுமனே என் பெயரைத்தான் சொல்லியிருப்பாரோ, தெரியாது.

மாற்றல் கேட்டு எழுதினேன். கோல் மார்க்கெட் பக்கம் ஒரு சிறிய அலுவலகம் கிடைத்தது. பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. அங்கே வாசலில் யாரும் தடுக்கவில்லை. போன் என் மேசை மேலேயே கிடந்தது. முதல் மாதங்களில் அது அடிக்காதபோதும் எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

பகலில் கீழ் வீட்டுப் பெண் வந்து அவரைப் பார்த்துக்கொண்டாள். இடது கையால் எண்ணை அழுத்த அவர் கற்றுக்கொண்டார். மதியத்தில் கூப்பிடுவார். எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பின்னால் டிவி ஓடும். சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவந்தேன், எந்த பஸ் கிடைத்தது, வெளியே வெயிலா பனியா என்று நானே சொல்லிக்கொண்டிருப்பேன். பேசப் பேச விஷயம் தீர்ந்துபோகும்.

"வெச்சிடவா?" என்று கேட்பேன்.

அதே மூச்சுச் சத்தம்தான். வைக்கவும் மாட்டார்.

"சரி, இன்னும் கொஞ்ச நேரம்" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டே ஃபைலைப் புரட்டுவேன்.