அட்மிரலுக்குக் காஸ், காப்பாவுக்கு விறகு

எங்கள் சபோலோத்யே கிராமத்தில் கல்லை எறிந்தால் ஒரு கிரெம்யாதின் மண்டையில்தான் விழும். நானும் கிரெம்யாதின்தான். பெயரைக் கேட்டதும் நகரத்துக்காரர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். துருக்கியர் கப்பல்களைக் கொளுத்திய அட்மிரல் கிரெம்யாதின், காக்கேசிய மலைகளில் சண்டையிட்ட ஜெனரல் கிரெம்யாதின், பீரங்கிப் படையில் இருந்த அவருடைய தம்பி என்று புகழ்பெற்றவர்களின் வரிசையே உண்டு. நாங்கள் அவர்களுடைய வாரிசுகள் இல்லை, அவர்களுடைய பண்ணையடிமைகள். அடிமைகளுக்கு விடுதலை வந்த காலத்தில் பெயர் பதிய வந்தவன், "நீங்க யாரோட ஆளுங்க?" என்று கேட்டானாம். சொன்னதையே குடும்பப் பெயராக எழுதிவிட்டுப் போனான். மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரிதான்.

ஊரே இதை மறந்துவிட்டு அட்மிரல் பெயரைச் சொல்லி மீசை முறுக்கியது. மறக்காதவள் கபிதொலீனா யெகோரொவ்னா. எங்களுக்குக் காப்பா. கூட்டுப்பண்ணையில் பால் கறந்தே இடுப்பு வளைந்தவள். வாயைத் திறந்தால் விஷம். அவளுடைய முப்பாட்டி மாளிகையில் சமையல்காரி. சூப்பில் உப்பு கூடியதென்று அட்மிரல் அவளைக் குதிரை லாயத்தில் கட்டிவைத்து அடித்ததை, நேற்று நடந்தது போல காப்பா சொல்லித் திட்டுவாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆள் தம்பி புரோகோர். பக்கவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடந்தான். குளிர் பட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும், அடுப்பு அணையவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எழுபது வயதில் கோடரியைத் தூக்கி விறகு பிளந்தாள் காப்பா. வீட்டைச் சூடாக்கும் காஸ் குழாய் பள்ளிக்கூடம் வரை வந்து நின்றுவிட்டது. அது தன் வீட்டுக்கும் வந்துவிட்டால் தம்பி பிழைத்துக்கொள்வான் என்று மனுமேல் மனு போட்டாள்.

அட்மிரலின் பிறந்தநாள் விழா நெருங்கியது. வட்டார நிர்வாகத் தலைவர் லெவ் பாவ்லோவிச் கையில் கேக்கோடு அவள் வீட்டுக்கே வந்தார். அப்போது நான் அங்கேதான் இருந்தேன்.

"கபிதொலீனா யெகோரொவ்னா, சிலை திறக்கறோம். கொள்ளுப்பேத்தின்னு நீங்க வந்து துணியை இழுத்துட்டீங்கன்னா போதும். அந்த மூக்கைப் பாருங்க, அச்சு அசல் அட்மிரல் மூக்கு!"

"மூக்கு எப்படி வந்துச்சுன்னு லாயத்துல போய்க் கேளு."

"கோவிச்சுக்காதீங்கம்மா. காஸ் விஷயத்தையும் கொஞ்சம் பாக்கலாம்..."

காப்பா கட்டிலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேக்கை எடுத்து அவர் கையில் திணித்தாள். "எங்க பாட்டியை அடிச்சவனைத் தாத்தான்னு கூப்பிடணுமா? எந்திரிச்சுப் போய்யா!"

கோடையில் தெருவில் பள்ளம் வெட்ட ஆரம்பித்தார்கள். காஸ் குழாய்! காப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெட்டுகிறவர்களுக்கு முட்டைக்கோஸ் பணியாரமும் குவாஸ் பானமும் கொண்டுபோய்க் கொடுத்தாள். குழாய் அவள் வாசலுக்கு வந்தது, வாசலைத் தாண்டியது, எதிரே இருந்த சதுக்கத்துக்குள் போனது. அங்கே அட்மிரல் சிலைக்கு முன்னால் பளிங்கு நட்சத்திரத்தின் நடுவில் அந்தக் காஸில் எரியும் அணையாச் சுடர் ஏற்றினார்கள். 'தாய்நாட்டின் புதல்வர் கிரெம்யாதின்களுக்கு' என்று பொன்னெழுத்து வேறு. நகரத்திலிருந்து வந்த ஒரு நாடகக்காரி கொள்ளுப்பேத்தியாக நின்று கண்ணீர் விட்டாள்.

முதல் உறைபனி விழுந்த காலையில் காப்பா இரண்டு செங்கல்லோடும் ஒரு பானை உருளைக்கிழங்கோடும் சதுக்கத்துக்குப் போனாள். செங்கல்லைச் சுடரின் இருபுறமும் வைத்துப் பானையை ஏற்றினாள். போலீஸ்காரன் சென்கா ஓடி வந்தான்.

"காப்பா அத்தை! பைத்தியமா உனக்கு? வீரருங்க நினைவுச் சுடர் அது!"

"யாரு பேருக்குடா ஏத்தியிருக்கு? வாசி."

"கிரெம்யாதின்களுக்கு..."

"நான் யாரு? உன் சட்டையில என்ன பேரு குத்தியிருக்கு?"

சென்காவும் கிரெம்யாதின்தான். அவன் முகம் சிவந்தது.

"நாலு தலைமுறையா அவனுங்களுக்கு நாம ஆக்கிப் போட்டோம். ஒரு நாளைக்கு அவனுங்க நமக்கு ஆக்கிப் போடட்டும்" என்றாள்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. யாராவது வாயைத் திறப்பார்கள் என்று பார்த்தேன். "கிழவிக்குக் கொழுப்பு", "ஊர் மானம் போச்சு" என்றுதான் திறந்தார்கள், அத்தனை பேரும் கிரெம்யாதின்கள். சென்கா பூட்ஸ் காலால் பானையை எட்டி உதைத்தான். வேகாத கிழங்குகள் பளிங்கின் மேல் உருண்டன. அதன்பிறகு வழக்கு, அபராதம், செய்தித்தாளில் வசை.

ஜனவரியில் காப்பா காய்ச்சலில் அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டாள். விடிவதற்குள் அடுப்பு அணைந்திருந்தது. அடுத்த வாரமே புரோகோர் நெஞ்சு அடைத்துச் செத்தான்.

மயானத்தில் மண் உறைந்து இரும்பாக இறுகிக் கிடந்தது. கடப்பாரை இறங்கவில்லை. குழி வெட்ட வந்தவர்கள், மண் இளக ஒரு பகலும் இரவும் மேலே தீ மூட்ட வேண்டும் என்று விறகு கேட்டார்கள். வசந்தம் வரைக்கும் தம்பிக்கென்று பிளந்து அடுக்கிய விறகைக் காப்பாவே சறுக்குவண்டியில் இழுத்து வந்தாள். நான் கை கொடுக்கப் போனேன், தள்ளிவிட்டாள்.

குழி வெட்டுகிறவன், "போதும் பாட்டி, பாதி இருந்தாலே மண்ணு இளகிடும்" என்றான்.

"எல்லாத்தையும் போடு. இனி யாருக்கு வைக்கப்போறேன்?" என்றாள் காப்பா.