அசனத்தில் எல்லாருக்கும் இலை

எங்கள் அப்பாவுக்கு நல்ல குரல். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் என்பதால் அந்தக் குரலுக்கு ஓய்வே கிடையாது. சாத்தான்குளம் பக்கத்தில் இருக்கும் எங்கள் சபையில் அசனப் பண்டிகை வந்தால் அறிவிப்பும் அவர்தான். அசனம் என்றால் ஆலய வளாகத்தில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. முந்தின வாரமே அப்பா செல்போனில் பேசிப் பதிவுசெய்து கொடுப்பார். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ அதைச் சுற்றுவட்டாரமெல்லாம் கொண்டுபோகும். ஆண்டவர் வீட்டில் எல்லாருக்கும் இலை உண்டு, சாதி மதம் பாராமல் அனைவரும் வாருங்கள் என்று அவர் அழைப்பதைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. எனக்கு அப்போது எட்டு வயது.

எனக்கு ஓர் அத்தை உண்டு என்பது மட்டும் தெரியாது. அப்பாவின் ஒரே தங்கை. குலசேகரன்பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஓர் இந்துவைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றோடு அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார். நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டில் அவள் பேச்சே எழாது.

அந்த வருஷம் ஆட்டோக்காரர் என்ன உற்சாகத்திலோ குலசைக் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டார். அத்தை பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாளோ, என்ன செய்துகொண்டிருந்தாளோ, அத்தனை வருஷம் கழித்து அண்ணன் குரல் அவள் காதில் விழுந்திருக்கிறது, வாருங்கள் என்று. அவளும் வந்துவிட்டாள்.

பெண்கள் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாத்தியார் மகளா என்று கேட்டாள். எந்த வகுப்பு, தலை பின்னிவிடுவது யார், அப்பாவுக்கு இன்னும் பனிக்காலத்தில் இருமல் வருகிறதா என்றெல்லாம் விசாரித்தாள். என் கவனம் அங்கே இல்லை. பரிமாறிய பையன் அவள் இலையில் இரண்டு நல்ல கறித்துண்டும் என் இலையில் வெறும் எலும்பும் போட்டுவிட்டுப் போயிருந்தான். குருவானவர் ஜெபம் பண்ணி முடிக்கும்வரை நான் கண்ணைத் திறந்து அந்த எலும்பைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெபம் முடிந்தும் அவள் சோற்றில் கை வைக்கவில்லை. பையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்தாள். அசனக் குழம்பை வீட்டில் இருப்பவர்களுக்குக் கொண்டுபோவது எல்லாரும் செய்வதுதான்.

"ஏளா, ஒங்க அப்பாட்ட போயி இதுல கொஞ்சம் கொழம்பு வாங்கிட்டு வாரியா? ஒன் எலைய நான் பாத்துக்கிடுதேன்."

அப்பா பந்தலுக்குப் பின்னால் அண்டா அருகே கரண்டியோடு நின்றார். அடுத்த சுற்றுக்கான வாளிகள் எல்லாம் அவர் காலடியில் காலியாகக் கிடந்தன. யாருக்கு என்று கேட்டார். நான் கையைக் காட்டினேன். பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். பிறகு அண்டாவைத் துழாவி, எலும்பில்லாத துண்டாகப் பொறுக்கிப் பொறுக்கித் தூக்குச்சட்டியை நிறைத்தார். பெற்ற மகளுக்கு எலும்பு, யாரோ ஒருத்திக்குக் கறி. எனக்கு அழுகை முட்டியது. அப்பா மூடியை அழுத்தி மூடிவிட்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

"பந்தி முடிஞ்சதும் வாரேன். போயிராம இருக்கச் சொல்லு."

நான் போய்ச் சட்டியை நீட்டினேன். அவள் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல."

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். எலும்புக்குப் பழி வாங்கினேன், அவ்வளவுதான். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். என் கன்னத்தை வழித்துத் தன் விரல்களை முத்தமிட்டாள். இரண்டு வாய் சோறு அள்ளிப்போட்டுக்கொண்டு, இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். வாசலில் அவள் ஊர்ப் பக்கம் போகும் உடன்குடி பஸ் நின்றது.

உட்கார்ந்து பார்த்தால் என் இலையில் இரண்டு கறித்துண்டு. சரிதான், அடுத்த சுற்று வந்துவிட்டது, நியாயம் கிடைத்தது என்று எடுத்துத் தின்றேன்.

அப்பா பந்தி முடியக் காத்திருக்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பாதியிலேயே வந்துவிட்டார். காலி இடத்தைப் பார்த்தார். சொன்னதைச் சொன்னாயா என்று கேட்டார். வாய் நிறையக் கறியோடு சொன்னேன் என்று தலையாட்டினேன்.

"சொல்லியும் போயிட்டாளா."

அப்பா ஆலய வாசலில் போய் வெகுநேரம் நின்றார். அதற்குப் பிறகு அத்தை வரவில்லை, அப்பாவும் போகவில்லை. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அங்கே அவள். சொல்லியும் தங்கை நிற்கவில்லை என்று இங்கே அவர்.

அன்று வந்தது யார் என்று அம்மா எனக்குச் சொன்னது அப்பாவை அடக்கம் செய்த பிறகு. அத்தை இருக்கிறாள். ஒரு மணி நேர பஸ்தான். எனக்கு அவள் வேண்டும். போய் என்ன சொல்வது என்று தெரியாமல் இன்னும் ஏறாமல் இருக்கிறேன்.

அன்று அடுத்த சுற்று வந்திருக்கவே முடியாது. காலி வாளிகளை என் கண்ணாலேயே பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். ஆனாலும் அந்த இரண்டு துண்டும் யார் இலையிலிருந்து வந்தன என்று எனக்குத் தோன்றவே இல்லை. ருசித்துத்தான் சாப்பிட்டேன்.