மாங்கிளையில் தொங்கிய கேபின்

ஒரு சீசன் காயையே தாங்கும் மாமரக் கிளை, ஒரு பிக்கப் வண்டியின் கேபினைத் தாங்காதா என்று நான் முழு மனதோடு நம்பினேன். முதலமடையில் மாந்தோப்பு வைத்திருப்பவனுக்கு இந்தத் திமிர் சகஜம்.

உர மூட்டை ஏற்றி ஏற்றி என் பழைய வண்டியின் சேஸ், அதாவது அடிச்சட்டம், துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. வேறொரு சேஸ் வாங்கி வந்து, நானும் மச்சினன் செந்திலும் வீட்டிலேயே மாற்ற ஆரம்பித்தோம். கிளையில் சங்கிலி கட்டிக் கேபினைத் தூக்கினோம். அதற்கும் சேஸுக்கும் நடுவே தலையை விட்டு, செந்தில் பிரேக் பைப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, கிளை முனகுதுங்க" என்றாள் மனைவி.

"காய்க்கிற மரம் முனகத்தான் செய்யும், போ புள்ள" என்று சிரித்துவிட்டு, ஸ்பானர் எடுக்கக் கொட்டகைக்குப் போனேன்.

படாரென்று சத்தம். ஓடி வந்தால் கிளை முறிந்து, கேபின் சேஸ் மேல் விழுந்து கிடந்தது. வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல், கேபினை வெறுங்கையால் தூக்கப் பார்த்தேன்.

"ஐயோ, செந்திலு போயிட்டானே!"

"நான் எங்க மாமா போனேன்?" சமையலறை வாசலில் நின்றிருந்தான். "அக்கா டீ குடிக்கக் கூப்புட்டா, வந்தேன். மொதல்ல வேட்டியக் கட்டுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் இரும்பு ஸ்டாண்டு வைக்காமல் எந்த வண்டிக்கு அடியிலும் ஆளை விடுவதில்லை. மனைவி 'முனகுது' என்றால் வேலையை நிறுத்திவிடுகிறேன்.

அவள் செந்திலை டீ குடிக்கக் கூப்பிட்ட அன்று அடுப்பில் டீ இல்லை. வீட்டில் பாலே வாங்கியிருக்கவில்லை.